இடது மூலையும் நாற்பது சென்டிமீட்டரும்

ஒற்றையர் டேபிள் டென்னிஸில் சர்வீஸ் போடுபவர் எங்கே நிற்க வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்வதே இல்லை. பந்து மேசையின் கடைக்கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேசைப் பரப்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. விரித்த உள்ளங்கையிலிருந்து குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரம் எறியப்பட வேண்டும். எதிராளியின் பார்வைக்கு மறையக் கூடாது. கட்டுப்பாடு எல்லாம் பந்துக்குத்தான், கால்களுக்கு எந்தக் கோடும் போடப்படவில்லை. பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே நின்றுகூடப் போடலாம். இவ்வளவு சுதந்திரம் இருந்தும், உலகக் கோப்பையானாலும் மாவட்டப் போட்டியானாலும், வலதுகை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நேரே ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள்: மேசையின் இடது மூலை, அதாவது அவர்களுடைய பேக்ஹேண்ட் மூலை.

பயிற்சிக்கு வந்த சில வாரங்களிலேயே எட்டு வயதுக் குழந்தையும் அங்கே போய் நிற்கக் கற்றுக்கொள்கிறது. ஏன் அங்கே என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கேதானே நிற்கிறார்கள் என்பது. அந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிதான் பல ஆட்டங்களைத் தோற்கடிக்கிறது.

இடது மூலைப் பழக்கத்தின் வலுவான வேர் பென்ஹோல்ட் பிடியில் இருக்கிறது. பேனாவைப் பிடிப்பதுபோல் பேட்டைப் பிடித்த ஜப்பானிய, கொரிய ஆட்டக்காரர்கள் பேட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்தினார்கள். பேக்ஹேண்டில் தடுக்க முடியும், ஓங்கி அடிப்பது கடினம். ஆகவே எந்தப் பந்து வந்தாலும் ஃபோர்ஹேண்டால் அடிக்கும்படி இடது மூலையிலேயே நின்றுகொண்டு, வலப்பக்கம் வரும் பந்துக்கு ஓடினார்கள். 1954-லும் 1956-லும் உலகச் சாம்பியனான இசிரோ ஓகிமுராவின் ஆட்டம் இப்படிப்பட்டது. அந்த மரபின் கடைசிப் பெரிய வெற்றி என்று 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியைச் சொல்லலாம். கொரியாவின் ரியூ சுங்-மின், சீனாவின் வாங் ஹாவை 4-2 என வீழ்த்தினார். வாங் ஹாவும் பென்ஹோல்ட்காரர்தான். ஆனால் பேட்டின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, பேக்ஹேண்டிலும் டாப்ஸ்பின் அடித்த புதிய தலைமுறை. ரியூவிடம் அது இல்லை. கால்கள் இருந்தன. மூலையில் நின்று மேசை முழுவதையும் ஒரே கையின் ஒரே வீச்சால் ஆண்டார்.

அவர்களுக்கு அது தேவை. கைகுலுக்குவதுபோல் பேட்டைப் பிடித்து, இரு பக்கமும் அடிக்கத் தெரிந்த இன்றைய ஷேக்ஹேண்ட் ஆட்டக்காரருக்கு அதே இடம் எதற்கு?

காரணங்கள் வலுவானவை. முதலாவது, ஃபோர்ஹேண்டின் வலிமை இன்னும் குறையவில்லை. அந்த அடிக்குக் கால், இடுப்பு, தோள் மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. பேக்ஹேண்டில் சொந்த உடம்பே வீச்சுக்குக் குறுக்கே நிற்கிறது. சர்வீஸ் போட்டு, திரும்பி வரும் பந்தை உடனே அடித்து முடிப்பதைத்தான் மூன்றாவது பந்துத் தாக்குதல் என்கிறார்கள். அந்த மூன்றாவது பந்து ஃபோர்ஹேண்டுக்கு வாய்க்க வேண்டுமானால் இடது மூலையைவிட வசதியான இடம் இல்லை. கையை ஊசல்போல் வீசிப் போடும் பெண்டுலம் சர்வீஸின்போது இடது தோள் வலையை நோக்கி, உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். சர்வீஸ் முடியும் நிலையே ஃபோர்ஹேண்ட் அடிக்கான தொடக்க நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் மேசையின் அளவு. நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். கணக்குப் போட்டால் மூலைவிட்டம் சுமார் 3.14 மீட்டர் வரும். நேராகப் போகும் பந்தைவிட மூலைக்கு மூலை போகும் பந்துக்கு 40 சென்டிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. வேகமான நீள சர்வீஸ் மேசைக்குள் விழ அந்த இடம் பெரிய உதவி. இடது மூலையிலிருந்து குறுக்காகப் போனால் அது எதிரே நிற்கும் வலதுகைக்காரரின் பேக்ஹேண்ட் மூலையைச் சென்று சேரும். பெண்டுலம் சர்வீஸின் சைடுஸ்பின் அதை இன்னும் வெளியே வளைத்துக்கொண்டு போகும். அதே இடத்தில் நின்று, அதே கையசைவில், நேராகக் குட்டையாகவும் போடலாம். அப்போது பந்து எதிராளியின் ஃபோர்ஹேண்ட் பக்கம், வலைக்கு அருகே விழும். ஒரே முகத்தோடு இரண்டு நேரெதிர் இடங்களுக்குப் பந்தை அனுப்ப முடிவதுதான் இந்த மூலையின் உண்மையான பலம். எதிராளி முன்னே பாய வேண்டுமா பின்னே ஒதுங்க வேண்டுமா என்பதைப் பந்து கிளம்பிய பிறகுதான் முடிவுசெய்ய முடியும்.

சென்னையின் அசந்தா சரத் கமல் இந்தப் பலத்தை நீண்ட காலம் பயன்படுத்தியவர். உயரமான உடல், நீண்ட கை, மேசையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று வீசும் ஃபோர்ஹேண்ட். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர், 16 ஆண்டுகள் கழித்து, 40 வயதில், பர்மிங்காமில் லியம் பிட்ச்ஃபோர்டை 4-1 என வென்று அதே தங்கத்தை மறுபடி எடுத்தார். ஃபோர்ஹேண்டை மையமாக வைத்த ஆட்டம் வயதானால் உடனே செத்துவிடாது என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அந்தக் கை நீளமும் அத்தனை ஆண்டு அனுபவமும் எல்லோருக்கும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி குறைக்கு வருவோம். இடது மூலையில் நிற்பவர் மேசையின் வலப்பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது எல்லோரும் சொல்வது. எந்த சர்வீஸுக்குப் பிறகு அது ஆபத்து, எதற்குப் பிறகு ஆபத்தில்லை என்பதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. பந்து போய் விழும் இடத்தை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. குறுக்காக, நீளமாக, எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்குப் போட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அவர் மிக அகலமான கோணத்தில் அடித்தால் பந்து சர்வீஸ் போட்டவரின் இடது மூலைக்கும் அதற்கு வெளியேயும்தான் வரும். வலப்பக்கம் வருவதெல்லாம் நேர்க்கோட்டுப் பந்து, பக்கக்கோட்டைத் தாண்டி அதிகம் விலகாது. ஆகவே இடது மூலையிலேயே இருப்பது இங்கே சரி.

குட்டையாக எதிராளியின் ஃபோர்ஹேண்டுக்குப் போட்டால் படம் தலைகீழாகிறது. அங்கிருந்து கிடைக்கும் அகலமான கோணம் சர்வீஸ் போட்டவரின் வலது மூலையை நோக்கியது. பந்து வலைக்கு அருகே எடுக்கப்படுவதால் கோணம் இன்னும் விரியும். கடைக்கோட்டைத் தொடாமலே வலது பக்கக்கோட்டைத் தாண்டிப் போய்விடும். சர்வீஸ் போட்டவரோ மறு மூலையில் நிற்கிறார். மிகப் பிரபலமான சர்வீஸ், போட்டவர் காலி செய்துவிட்டு வந்த பக்கத்தையே எதிராளிக்குக் காட்டிக்கொடுக்கிறது. இந்த முரண்பாட்டை உணராமல் மூலையிலேயே வேரூன்றி நிற்பதுதான் இந்த வழக்கத்தின் பெரிய குறை.

பயிற்சி முறைகளே இதை ஒப்புக்கொள்கின்றன. ஸ்வீடனின் ஃபால்கன்பெர்க் நகர் 1971 உலகச் சாம்பியன் ஸ்டெல்லன் பெங்க்ட்சனின் ஊர். அந்த ஊர் மன்றத்தின் பெயரால் வழங்கும் பயிற்சி ஒன்று இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. இடது மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே மூலையில் சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், உடனே வலது மூலைக்கு ஓடி இன்னொரு ஃபோர்ஹேண்ட். மூன்றடி கொண்ட இந்தச் சுழற்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கால் வலிக்க வலிக்கச் செய்கிறார்கள். இடது மூலையில் ஃபோர்ஹேண்டோடு நிற்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் பயிற்சி வேறில்லை.

அந்த விலை முன்பு குறைவாக இருந்தது. 2000-ஆம் ஆண்டு வரை பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர். 2002 வரை கையாலோ உடலாலோ மறைத்து சர்வீஸ் போட முடிந்தது. என்ன ஸ்பின் என்று தெரியாமல் வாங்குபவர் பயந்து பயந்து தள்ளிவிடுவார். மெல்ல வரும் பந்துக்கு இடது மூலையிலிருந்து நடந்து போய்க்கூட அடித்துவிடலாம். பிறகு பந்து 40 மில்லிமீட்டரானது. 2001-இல் 21 புள்ளி ஆட்டம் 11 ஆகச் சுருங்கியது, ஐந்தைந்தாகப் போட்ட சர்வீஸ் இரண்டிரண்டானது. 2002-இல் மறைத்துப் போடுவது தடைசெய்யப்பட்டது. டியூஸ் வராத கேமில் ஒருவருக்கு அதிகபட்சம் பத்து சர்வீஸ்தான், அவற்றையும் எதிராளி கண்ணால் பார்க்கிறார்.

வாங்குபவர்கள் சும்மா இருக்கவில்லை. செக் நாட்டின் பெட்ர் கோர்பெல் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 'சிகிதா' என்ற பேக்ஹேண்ட் ஃபிளிக், குட்டையான சர்வீஸையே மேசைக்கு மேலே வைத்து மணிக்கட்டால் சுழற்றித் தாக்கும் வித்தை. அதைப் பெரும் ஆயுதமாக்கியவர் சீனாவின் சாங் ஜிகே. உலகச் சாம்பியன், உலகக் கோப்பை, ஒலிம்பிக் தங்கம் என மூன்றையும் 2011, 2012-இல் 445 நாட்களுக்குள் அவர் வென்றதில் இந்த வாங்கும் முறைக்குப் பெரிய பங்குண்டு. இன்று ஜப்பானின் ஹரிமோட்டோ முதல், 17 வயதில் பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற பென்ஹோல்ட்காரர் ஃபெலிக்ஸ் லெப்ரன் வரை எல்லோரிடமும் அது இருக்கிறது. மூன்றாவது பந்தை அடிக்கத் தயாராக நின்றவர், இரண்டாவது பந்திலேயே அடி வாங்குகிறார்.

ஆகவே இடது மூலை கிளம்பும் இடமாக இன்றும் சிறந்தது, தங்கும் இடமாகத் தகுதி இழந்துவிட்டது. மா லாங்கின் ஆட்டப் பதிவுகளில் பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களை மட்டும் கவனித்தால் இது விளங்கும். 2016 ரியோவிலும் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், சர்வீஸ் முடிந்த கணத்திலேயே சிறு துள்ளலோடு பின்வாங்கி, உடலை வலைக்கு நேராகத் திருப்பிக்கொள்வார். பெண்டுலம் சர்வீஸுக்காகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் நடுவே தளர்ந்திருந்த பிடி, அதற்குள் பழைய ஷேக்ஹேண்ட் பிடிக்குத் திரும்பியிருக்கும். இந்தப் பின்வாங்கலும் சர்வீஸின் பகுதிதான். நம் பயிற்சிக் கூடங்களில் கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக சர்வீஸ் மட்டும் பழகும் பிள்ளைகள், போட்ட இடத்திலேயே நின்று அடுத்த பந்தை எடுக்கிறார்கள். அவர்களுடைய கால்கள் அங்கேயே நிற்கத்தான் பழகுகின்றன.

நடுவில் நின்று பேக்ஹேண்ட் சர்வீஸ் போடும் மாற்று வழியும் இருக்கிறது. உடல் ஏற்கெனவே வலைக்கு நேராக இருப்பதால் திரும்பும் வேலை மிச்சம், இரு மூலைகளும் சம தூரம். லண்டனிலும் டோக்கியோவிலும் ஒற்றையர் வெண்கலம் வென்ற ஜெர்மனியின் டிமிட்ரி ஓவ்ட்சரோவ், குனிந்து பதுங்கிப் போடும் பேக்ஹேண்ட் சர்வீஸைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். நடுவிலிருந்து போட்டால் மூலைவிட்டத்தின் முழு நீளமும் கிடைக்காது, கோணமும் குறையும். ஆனாலும் பேக்ஹேண்ட் நன்றாக அமைந்தவருக்கு அந்த இழப்பு சிறியது.

வாங்கும் இடத்துக்கு வந்தால் குழப்பம் இன்னும் அதிகம். சர்வீஸ் போட்ட மூலையிலேயே வாங்கவும் நிற்பது பரவலான பழக்கம். இதில் எவ்வளவு சரி என்று அளந்தே பார்த்துவிடலாம். எதிராளி வலதுகைக்காரர், தன் இடது மூலையிலிருந்து போடுகிறார். நேராக வரும் பந்து வாங்குபவரின் வலது பக்கக்கோட்டை ஒட்டி வரும். குறுக்காக வரும் பந்து இடது மூலையைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருக்கும். வாங்குபவர் கடைக்கோட்டுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் நின்றால், அந்த இடத்தில் குறுக்குப் பந்து இடது பக்கக்கோட்டுக்கு வெளியே சுமார் 39 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுப்புள்ளி மேசையின் மையக்கோட்டில் இல்லை, அதிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இடப்பக்கம் இருக்கிறது. ஃபோர்ஹேண்டுக்கு எட்டும் தூரம் பேக்ஹேண்டைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் இடதுபுறம் நகரலாம். சற்று இடப்பக்கம் நிற்பது வெறும் பழக்கம் அல்ல, கணக்கும் அதையே சொல்கிறது. மூலைக்கே போய் ஒட்டிக்கொள்வதற்குத்தான் கணக்கில் இடமில்லை.

எதிராளி இடதுகைக்காரர் என்றால் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். அவருடைய பேக்ஹேண்ட் மூலையிலிருந்து குறுக்காக வரும் பந்து வலதுகைக்காரரின் ஃபோர்ஹேண்டுக்கு வெளியே ஓடும். சைடுஸ்பினும் அதே திசையில் இழுக்கும். நடுப்புள்ளி மையக்கோட்டுக்கு வலப்பக்கம் 20 சென்டிமீட்டர் போய்விடும். இரண்டு நிலைகளுக்கும் இடையே 40 சென்டிமீட்டர், ஒரு காலடி தூரம். திமோ போல், ஷூ சின், வாங் சூச்சின் போன்ற இடதுகைக்காரர்களுக்கு எதிராக வாங்குபவர்கள் வலப்பக்கம் நகர்ந்து நிற்பதை ஆட்டப் பதிவுகளில் காணலாம். கீழ்நிலைப் போட்டிகளில் அந்த ஓரடியை எடுக்காமல், முதல் இரண்டு சர்வீஸையும் பார்த்துக்கொண்டே விடும் பிள்ளைகள் ஏராளம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மணிகா பத்ரா சந்தித்த பிரித்திகா பவாட் அப்படிப்பட்ட இடதுகைக்காரர். பிரான்சுக்காக ஆடினாலும் அவருடைய குடும்பத்தின் வேர் புதுச்சேரியில் இருக்கிறது. சொந்த மண்ணின் ரசிகர்கள் முன்னால் ஆடிய அவரை மணிகா 4-0 என வென்று, ஒலிம்பிக் ஒற்றையரில் கடைசி 16 பேருக்குள் நுழைந்த முதல் இந்தியரானார். மணிகாவின் பேக்ஹேண்டில் இருப்பது நீள முனை ரப்பர். வரும் ஸ்பினை அது அதிகம் பொருட்படுத்தாது, பல நேரம் திருப்பியே அனுப்பிவிடும். ஆகவே மற்றவர்கள் அஞ்சும் சைடுஸ்பின் சர்வீஸை மேசையை ஒட்டி நின்று அவரால் வாங்க முடிகிறது. நிற்கும் இடத்தைக் கையில் இருக்கும் ரப்பரும் தீர்மானிக்கிறது என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

இடவலம் பற்றிப் பேசுபவர்களில் பலர் முன்பின் தூரத்தை மறந்துவிடுகிறார்கள். மேசையை ஒட்டி நின்றால் குட்டைப் பந்து எளிது, ஆனால் வேகமான நீள சர்வீஸ் நேரே முழங்கைக்கு வந்து முடக்கிவிடும். பின்னால் நின்றால் நீளப் பந்துக்கு நேரம் கிடைக்கும், குட்டைப் பந்துக்கு எட்டாது. இதில் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டுமென்றால் சற்றுப் பின்னால் நிற்பதே மேல். முன்னே ஓரடி வைப்பது இயல்பாக வரும். பந்து உடம்பை நோக்கி வரும்போது பின்னே போவது யாருக்கும் எளிதில் வருவதில்லை.

சிகிதாவால் வாங்குபவர்களுக்கும் விலை உண்டு. வலப்பக்கம் விழும் குட்டைப் பந்தையும் பேக்ஹேண்டால் எடுக்க, வலது காலை மேசைக்கு அடியில் நுழைத்து உடலையே குறுக்கே கொண்டுபோக வேண்டும். அடி சரியாக விழுந்தால் புள்ளி. தவறி மெதுவாகப் போனால் இடது மூலை முழுவதும் எதிராளிக்குத் திறந்த வாசல். சிகிதாவுக்காக முன்கூட்டியே வலப்பக்கம் நகர்பவரைக் கண்டால் தேர்ந்த எதிராளி யோசிக்கவே மாட்டார், பேக்ஹேண்ட் மூலைக்கு வேகமாக ஒரு நீள சர்வீஸ் போட்டுவிடுவார். சென்னையின் ஞானசேகரன் சத்தியன் போல மேசையை ஒட்டி நின்று வேகமாக ஆடும் பேக்ஹேண்ட்காரர்களுக்கு இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது. 2019 ஆசியச் சாம்பியன் போட்டியின் அணிப் பிரிவில் அவர் ஹரிமோட்டோவையே வீழ்த்தியவர். ஃபோர்ஹேண்டை நம்பி வளர்ந்தவர் எல்லாப் பந்துக்கும் இதைச் செய்யப் போனால், தன் பலத்தைத் தானே கட்டிப்போட்டதாகிவிடும்.

இரட்டையரில் கதை வேறு. சர்வீஸ் வலது பாதியிலிருந்து வலது பாதிக்கே போக வேண்டும் என்பதால் வாங்குபவர் பாதி மேசையைக் காத்தால் போதும், ஆனால் அடித்ததும் கூட்டாளிக்கு வழிவிட்டு விலக வேண்டும். கொரியாவின் ஜூ சே-ஹியுக் போல வெட்டி ஆடும் தற்காப்பாளர்களுக்கு சர்வீஸ் போட்ட உடனே பின்னால் போவதுதான் ஆட்டமே. இடது மூலை பற்றிய வாதம் அவர்களைப் பெரிதாகத் தொடுவதில்லை.

இந்த வழக்கத்தால் அதிகம் இழப்பவர்கள் சிறுவர்கள். மேசையின் 1.525 மீட்டர் அகலம் பெரியவருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒன்றுதான். பெரியவர் இரண்டடியில் கடக்கும் தூரத்துக்குப் பிள்ளை நான்கு அடி வைக்க வேண்டும். இடது மூலையில் நிறுத்தப்பட்ட பிள்ளை, வலது மூலைக்கு வரும் பந்தை எட்ட முடியாமல் கையை மட்டும் நீட்டுகிறது. கால் நகராமல் கை நீட்டும் பழக்கம் ஒருமுறை படிந்தால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அந்த வயதில் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் நின்று சர்வீஸ் போடக் கற்றுக்கொடுத்து, உயரமும் கால்வேகமும் வந்த பிறகு மூலைக்கு அனுப்புவதே நியாயம்.

பயிற்சியாளர்கள் இன்னும் இரண்டு விஷயங்களை உடனே மாற்றலாம், அதற்குச் செலவும் இல்லை. சர்வீஸ் மட்டும் பழகும் நேரத்திலும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிறகு பின்வாங்கித் தயாராவதைக் கட்டாயமாக்குங்கள். குட்டையாக ஃபோர்ஹேண்டுக்குப் போட்டால் வலப்பக்கம், நீளமாக பேக்ஹேண்டுக்குப் போட்டால் மூலையிலேயே என்று காலுக்கும் பாடம் சொல்லுங்கள். வாங்க நிற்கும் பிள்ளையிடம், எதிராளி எந்தக் கையில் பேட் பிடித்திருக்கிறார், பந்தை எங்கே நின்று தொடுகிறார் என்று பார்த்த பிறகே இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.